ஆத்தா கேட்ட இசைத்தட்டு

எனக்கு ஒரு கெட்ட குணம். எதையாவது ஒரு பக்கம் பார்த்துவிட்டால் மறுபக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே கடைப் பெண்ணை அழவைத்தவள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இந்தத் தண்டனை.

எழுபதுகளில் மேல்நாட்டில் புரோக்ரசிவ் ராக் என்று ஒரு சங்கீதம் இருந்தது. ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க நீளும். (பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும்.) யாருக்குமே தெரியாத குழுக்களை இணையத்தில் தோண்டித் தோண்டிக் கேட்பது என் பைத்தியம். ஆனால் தட்டைக் கையால் தொட்டதில்லை, அண்ணனூர் பழைய பேப்பர் கடையில் ஒன்று கிடைக்கும்வரை.

அட்டையில் ஒரு பெரிய கண். கண்ணுக்குள் ஓர் எருமை. எழுத்து எந்த நாட்டு மொழியென்றே தெரியவில்லை. இணையம் முழுக்கச் சலித்தும் அந்தக் குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கள்ளிக்குப்பம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "பாட்டு கேக்கத்தான் போனு கீதே. இந்தத் தட்ட வெச்சிகினு இன்னாடி பண்ணப்போற? ஊட்ல ஊறுகா ஜாடி வெக்கவே எடமில்ல!"

நியாயமான கேள்வி. எங்களிடம் பிளேயர் கிடையாது. தெருவில் அது இருந்தது சவுண்ட் சர்வீஸ் டில்லியிடம் மட்டும். அம்மன் பாட்டைத் தட்டில் போட்டால்தான் எங்கள் கோயில் தர்மகர்த்தாவுக்குத் திருப்தி. அதற்காகவே அவன் அதைத் துடைத்து வைத்திருந்தான்.

ஆடிக் கூழ் ஊற்றும் ஞாயிறு. ஊரே தெருக்கோடிவரை வரிசையில் நின்ற நேரம் பார்த்து டில்லியிடம் கெஞ்சினேன்.

"ஸ்பீக்கர் லைன கட் பண்ணிட்டேன்க்கா. இந்தச் சின்ன பாக்ஸ்ல மட்டும் கேட்டுக்கோ" என்றான்.

முதலில் ஒற்றைப் புல்லாங்குழல். அப்புறம் ஆர்கன். கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு டிரம்ஸ் ஆரம்பித்ததும் ஊசி ஒரு கீறலில் மாட்டிக்கொண்டது. அதே அடி, திரும்பத் திரும்ப, பம்பையும் உடுக்கையும் சேர்ந்த மாதிரி.

தெருக்கோடியில் ஒரே கூச்சல். டில்லி கட் பண்ணியது பந்தல் லைனை மட்டும். கம்பங்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தன! கூழ் வரிசையிலிருந்து தலைவிரிகோலமாக ஆடிக்கொண்டு வந்தது யார் என்று பார்த்தால், என் மாமியார்.

எனக்கோ ஊசி தட்டைக் கிழித்துவிடுமே என்ற கவலை. (மாமியாருக்குச் சாமி, மருமகளுக்குத் தட்டு!) எடுக்கப் போனேன். தர்மகர்த்தா பாய்ந்து வந்தார்.

"கைய வெக்காதம்மா! ஆத்தா மலையேறாம பாட்ட நிறுத்தக் கூடாது!"

அப்போது அவர் பார்வை அட்டையில் விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கண்ணு ஆத்தாளுது. உள்ள கீறது மகிஷன். தாயே! உனுக்கு இன்னா வேணும், கேளு!"

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தட்டு எனுக்கு வேணும்டா! என் கோயில்லயே வெய்யி! வருஷா வருஷம் போடு!"

அன்றிலிருந்து என் தட்டு கோயில் பீரோவில், அம்மன் நகைகளோடு, மஞ்சள் குங்குமத்தோடு இருக்கிறது. மறுநாளே வீட்டில் தட்டு இருந்த இடத்துக்கு ஊறுகாய் ஜாடி வந்துவிட்டது. கேட்டது ஆத்தாவா அத்தையா என்று நான் யாரிடம் விசாரிப்பது? ஆடிக்கு ஆடி டில்லி நேராகக் கீறலிலேயே ஊசியை வைக்கிறான். புல்லாங்குழல்கூட எனக்கு இல்லை.

மறுபக்கத்தை ஒரே ஒரு தடவை போடச் சொல்லித் தர்மகர்த்தாவிடம் மன்றாடினேன். "ஆத்தா கேட்டது இந்தப் பக்கம்மா. அந்தப் பக்கம் எந்தச் சாமியோ, நமக்கெதுக்கு வம்பு?" என்றுவிட்டார். இன்றும் நான் தோசையைத் திருப்பினால் போதும், "அந்தப் பக்கமாவது நல்லா பாத்துக்கோ" என்பார் என் கணவர்.

இந்த ஆடியில் சாமி மலையேறியதும் மாமியாருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, என் காதருகே வந்தார்.

"ஏண்டி, அந்தப் பக்கம் இன்னாதான் கீது?"

"எனக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"எனுக்கும் மண்ட காயுதுடி. நீ கம்முனு இரு. அடுத்த ஆடிக்கு ஆத்தாவயே கேக்கச் சொல்றேன்."