சந்தனம் வைத்த மெஷின்

அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில், விவசாயி கைரேகை வைக்காத நெல் நெல்லாகாது. அது விதி. ஆகவே சுரண்டைப் பக்கத்து நிலையத்துக்குப் புதிய கைரேகை மெஷின் வந்த அன்று, அதற்கு முறைப்படி மாலை சூட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி தம் திருக்கரத்தால் கடைசிப் பொட்டை வைத்தார். கம்ப்யூட்டரில் செருகும் முனையில், நடு வாயிலேயே வைத்தார்.

செருகினார்கள். 'அடையாளம் தெரியாத சாதனம்' என்றது கம்ப்யூட்டர்.

களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு வரிசையில் முதல் ஆளாக நின்ற ரத்தினம் அண்ணாந்து பார்த்தாள். வானம் சாரலைத் தூவிக்கொண்டிருந்தது. தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான் காணும்.

நிலைய அதிகாரி குற்றாலிங்கம் கலங்கவில்லை. இது புரோகிராம் கோளாறு என்று தீர்மானித்து, சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்காக 'யுஎஸ்பி சாதன நிரலாக்கம்: ஓர் அறிமுகம்' என்று பயிற்சி முகாம் வைத்தார். குற்றாலத்தில். சீசன் நேரம் பாருங்கள், வந்தவர்கள் எல்லாரும் அதிகாரிகள். சாஃப்ட்வேர் ஆள், பாடம் எடுத்த புவனேஷ் ஒருவன்தான்.

மனசு கேட்காமல் ரத்தினம் பஸ் பிடித்து அங்கேயே போய்விட்டாள். மாலையும் கழுத்துமாக மெஷின் மேசைமேல் இருந்தது. எதிரே ஈரத்தலையும் துண்டுமாக அதிகாரிகள்.

"மெஷின் தானா வாயத் திறக்காது சார்," என்றான் புவனேஷ். "கம்ப்யூட்டர், 'நீ யாரு, எந்தக் கம்பெனி'ன்னு கேக்கும். பதில் சொன்னாத்தான் ஒரு நம்பர் குடுத்துச் சேத்துக்கும். பொறவுதான் நாம எழுதுத புரோகிராமுக்கே வேலை."

"கேக்காமப் பேசாதா? நல்ல வளர்ப்பு," என்று மெச்சினார் குற்றாலிங்கம்.

"இது கேட்டும் பேசல. வாயில சந்தனம் அடைச்சிருக்கு சார். தொடச்சாப் போதும்."

குற்றாலிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

"தம்பி, அது பெரியவர் வச்ச சந்தனம். அவர் ஒப்புதல் இல்லாம யாரு தொடைக்கது?"

"நெல்லு நனையுது சார்," என்றாள் ரத்தினம்.

"நெல்லு எங்கம்மா போயிரப்போவுது? அங்கனதான கெடக்கு."

ஒப்புதல் வருவதற்குள் பயிற்சி முடிந்து, சான்றிதழ் கொடுத்து, அருவியில் தண்ணீரும் குறைந்துவிட்டது. பெரிய அதிகாரி நிலையத்துக்கே நேரில் எழுந்தருளிப் பட்டுத்துணியால் முனையைத் துடைத்தார். செருகினார்கள். கம்ப்யூட்டர் கேட்டது, மெஷின் பதில் சொன்னது. ரத்தினம் விரலை வைத்ததும் அவள் பேர், ஊர் எல்லாம் திரையில் வந்தது. முதலில் கைதட்டியவள் அவள்தான்.

குற்றாலிங்கம் குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"முளைச்சிட்டு. இது இப்ப நெல்லு இல்லம்மா, நாத்து. எங்க கணக்குல வராது."

ரத்தினம் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்றவர்களின் நெல்லும் முளைத்துத்தான் கிடந்தது.

"யக்கா, ஒம் பேரு வந்துட்டுல்லா, கொஞ்சம் தள்ளி உக்காரு. எங்களையும் அதுக்குத் தெரியுதான்னு பாக்கணும்," என்று, விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரிசை முன்னால் நெருக்கியது.