முட்டியை மடக்கு, அவ்வளவுதான்

அன்புள்ள வெர்னர் அண்ணாவுக்கு, நார்வே மலைமேலிருந்து தங்கை பிர்த்தே எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் பன்றிகளும் சௌக்கியம்தானே? நானும் சௌக்கியம்; பின்பக்கம் மட்டும் சௌக்கியமில்லை.

நம் டென்மார்க்கில் எருக்குவியல்தானே மலை! அங்கே பிறந்தவள் என்பதால் இருபது வருஷமாக ஈஸ்டருக்கு என்னை மட்டும் ஆரஞ்சுக் கூடையோடு பனிவண்டியில் ஏற்றித்தான் இந்த மலைக்குடிலுக்கு அனுப்புவார்கள். பலகை கட்டித் தன் காலால் பனியில் சறுக்கி வந்தவர்தான் குடில் உத்தரத்தில் பேர் செதுக்கலாம். கூடவே ஓடி வந்த நாய்க்குக்கூட அங்கே பேர் இருக்கிறது, எனக்கு இல்லை. இந்த வருஷம் செதுக்காமல் விடுவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

வாத்தியார் என் வீட்டுக்காரர் ஒட்வார். நடக்கும் முன்பே சறுக்கியவர். "எப்படிங்க விழாம நிக்கிறது?" என்றால், "முட்டிய மடக்கு, அவ்வளவுதான்" என்பார். மடக்குவேன், விழுவேன். "இப்ப?" "முட்டிய மடக்கும்மா!" நீந்துவது எப்படி என்று மீனிடம் கேட்ட கதைதான். தனக்குத் தெரியாமல் இருந்த நாளை மறந்துபோனவரால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது அண்ணா, இது நான் விழுந்து விழுந்து கண்டுபிடித்தது.

அவரை நம்பாமல், பின்னால் வழுக்கக் கூடாதென்று, பாதத்துக்கு நேரே மட்டும் கொஞ்சமாகப் பூச வேண்டிய பிடிப்பு மெழுகை நானே எடுத்து, ரொட்டிக்கு வெண்ணெய் மாதிரி சறுக்குப் பலகைக்கு அடியில் நுனி முதல் கடைசி வரை அப்பிவிட்டேன். வழுக்கவே இல்லை! பனி கட்டி கட்டியாக ஒட்டி, ஒரு சாண் உயரம் வளர்ந்துவிட, கொக்கு மாதிரி குடில் வரை நடந்தே வந்து சேர்ந்தேன். ஒட்வார் பெருமையாகக் கத்தியை நீட்டினார். அவர் தங்கை சிக்ரிட் விடுவாளா?

"அண்ணி, இதுக்குப் பேரு சறுக்கலா? உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு செருப்பும் செதுக்கிடுங்க!"

"விடு, வந்துட்டாள்ல" என்றார் இவர்.

கத்தியை வாங்கினேன். உத்தரத்தைத் தொடவில்லை. மெழுகை முழுக்கச் சுரண்டிவிட்டு, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு குடிலுக்கு மேலே உள்ள மேட்டில் ஏறினேன். முதல் தடவை சறுக்கி வந்து வெளிக் கக்கூஸ் கதவில் மோதினேன். "ஆள் இருக்கு அண்ணி!" என்று உள்ளேயிருந்து சிக்ரிட் அலறினாள். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன், விடவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் வாசல்வரை விழாமல் வந்து நின்றேன். உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்தபடி எல்லாரும் வாய் பிளந்தார்கள். சிக்ரிட்டே கத்தியைத் துடைத்துக் கொடுத்தாள்.

"பெருசா செதுக்குங்க அண்ணி. நாய் பேருக்கு மேல."

அண்ணிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், பன்றிகளுக்கு ஒரு கை தவிடு கூடுதலாக.

உத்தரத்தில் பேர் உள்ள உங்கள் தங்கை,
பிர்த்தே

பி.கு.: அடுத்த ஈஸ்டருக்கு நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ஒட்வாரிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம், நானே கற்றுத் தருகிறேன். விழாமல் எப்படி நின்றேன் என்று நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. முட்டியை மடக்குங்கள், அவ்வளவுதான்.