ஊதுங்க சார்!

என் மூச்சு, என் நுரையீரல், என் சிகரெட். நடுவில் வந்து நாட்டாமை பண்ண இந்த டாக்டரம்மா யார் என்கிறேன்?

தெருமுனை கிளினிக்கில் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதுகிற பெண். என் மகளைவிட வயதில் சின்னது. போன மாதம் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "நாள்பட்ட நுரையீரல் நோய் சார். சிகரெட்டை விட்டாத்தான் இதுக்கு மேல கெடாம இருக்கும்" என்று ஒரே போடாகப் போட்டது. விடுவதற்கு வழியும் சொன்னது. சிகரெட் ஆசையை அடக்கத் தோளில் மருந்து பேட்ச் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம்!

"பேட்ச் ஒட்ட நான் என்ன பஞ்சர் ஆன ட்யூபா?" என்று வீட்டுக்கு வந்ததும் எகிறினேன்.

"பின்னே? நாலு படி ஏறினா காத்து இறங்கிடுதே" என்றாள் மனைவி.

"எனக்கு மனவுறுதி இருக்கு. பேட்ச் கீட்ச் எல்லாம் கோழைக்கு."

"உறுதி இருக்கட்டும். குளிச்சிட்டு வந்து துண்டு கட்டறதுக்குள்ள கட்டில்ல உக்காந்து மூச்சு வாங்கறீங்க. பாத்தா பயமா இருக்குங்க. விட்டுடுங்க, ப்ளீஸ்."

எனக்கும் மனசு என்னமோ போலாகிவிட்டது. அந்த வருத்தத்தை ஆற்றிக்கொள்ள மொட்டை மாடிக்குப் போய் ஒன்று பற்றவைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் கேட்பாள், "விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்" என்பேன். பொய்யில்லை. தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்று புகையை விட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். எதை விட்டேன் என்று அவள் கேட்டாளா? காற்று வாங்கப் போகிறேன் என்று மாடி ஏறுகிறவனைச் சந்தேகப்பட அவளுக்கு ஏது அவ்வளவு மூளை! இறங்கும்போது நெஞ்சு விசிலடிக்கும். அது கிடக்கிறது.

ஒருநாள் வந்தது வினை.

"நாளைக்குக் கிளினிக் போறோம். புது மெஷின் வந்திருக்காம். ஊதினா, நீங்க ஊதறீங்களா இல்லையான்னு காட்டிடுமாம்."

"கட்டின புருஷனை நம்பாம மெஷினை நம்பறியா?"

"மெஷினுக்குப் பொய் பேச வாய் இல்லையே."

யோசித்தேன். ஊதினால்தானே காட்டும்? ஊதவே மூச்சில்லை என்றால்? நுரையீரல் நோயாளியை ஊதச் சொல்வதே அக்கிரமம் இல்லையா? அடேயப்பா, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று மூச்சு முட்டுவதை ஒத்திகையும் பார்த்தேன். அதில் பாதி ஒத்திகையே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

கிளினிக்கில் நர்ஸ் மெஷினை நீட்டினாள். "மூச்சைப் பிடிச்சு வெச்சு, மெதுவா ஊதுங்க சார்."

வாயை வைத்தேன். கண்ணைச் செருகினேன். "ஹக்... முடியலை சிஸ்டர்... ஊத மூச்சே இல்லை..." என்று நாற்காலியில் சரிந்தேன். 

டாக்டரம்மா ஓடிவந்து என் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி அதையே பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள்.

"ஐயோ டாக்டர்!" என்று அலறினாள் என் மனைவி. "ஊதக்கூட மூச்சில்லாத மனுஷனைத் தினமும் மொட்டை மாடிக்கு ஏற விட்டேனே! நான் பாவி!" கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"இனிமே மாடிப்படியே ஏறக்கூடாது" என்றாள் டாக்டரம்மா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"மாடிக் கதவைப் பூட்டிடறேன் டாக்டர்."

"தனியாவும் விடாதீங்க."

"கடைகண்ணிக்கு நானே போயிடறேன். இவர் குளிச்சாக்கூட வாசல்ல நிக்கறேன்."

டேங்க் போச்சு. கடை போச்சு. குளியலறையும் போச்சு! எனக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது.

"நிறுத்துங்க! என் மூச்சுக்கு என்ன கேடு? கொண்டாங்க அதை!" மெஷினைப் பிடுங்கினேன். தம் கட்டி ஊதித் தள்ளினேன்.

"பிரமாதம் சார்!" என்றாள் நர்ஸ். மெஷின் பீப் பீப் என்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மனைவி கோபப்படவேயில்லை. "டேங்குக்குப் பின்னாடிதாங்க நான் துணி காயப்போடறேன். அங்க கிடக்கிற சிகரெட் துண்டெல்லாம் யார் பெருக்கறான்னு நினைச்சீங்க?"

"ஒரே தடவையில விட முடியறவங்க கொஞ்சம் பேர்தான் சார்" என்றாள் டாக்டரம்மா, திட்டாமல். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். "மனவுறுதியோட மருந்தும் வேணும். வாரா வாரம் வந்து ஊதுங்க. ஊதத்தான் உங்களுக்கு நல்லா வருதே."

நான் சட்டைக் கையை மடித்து, தோளைக் காட்டினேன். நர்ஸ் பேட்சைப் பிரித்து ஒட்டினாள்.

"நல்லா அழுத்தி ஒட்டுங்க சிஸ்டர்" என்றாள் என் மனைவி. "ரொம்பப் பழைய ட்யூப்."