வலப்பக்கம் கனமான ஆள் தேவை

வண்டி ஓட்டத் தெரியாதவனால் ஊருக்கு அவ்வளவு ஆபத்தில்லை. வண்டியைத் திருத்தத் தெரியும் என்று நினைப்பவனால்தான் ஆபத்து. தைரியமாகச் சொல்கிறேன், நான் அந்த இரண்டாவது ரகம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஜீப் ஒன்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், ஸ்டியரிங் இடப்பக்கம். மலையோரத்திலிருந்து வாழைக்குலை ஏற்றி வருவது அதன் வேலை. பாதையில் கிடந்த கல்லெல்லாம் அதன் வயிற்றில் இடித்தது. உயர்த்திவிட்டால் போச்சு என்று எனக்குத் தோன்றியது. (எனக்கு எதுவுமே இப்படிச் சுருக்கமாகத்தான் தோன்றும்.)

கோட்டாற்றில் வில்வண்டிக்கு வில் அடிக்கும் கொல்லரைப் பிடித்து, ஜீப்பின் ஒவ்வொரு வில்லிலும் கூடுதல் இரும்புப் பட்டை வைத்தேன். வண்டி ஒரு சாண் உயர்ந்தது; என் தலை இரண்டு சாண் உயர்ந்தது. வேலைக்காகக் கழற்றிய, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியைக் குத்துமதிப்பாகத் திருகி மாட்டினோம். அன்று முதல் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது.

மாட்டு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஆளை மாற்றி உட்காரச் சொல்வோம் இல்லையா? நானும் அதையே செய்தேன். வலப்பக்கம் ஒரு நெல் மூட்டையை வைத்தேன். ஏதோ நேராகப் போவது மாதிரி இருந்தது. சக்கரத்துக்கு நேர் பிடிப்பது என்று ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது.

இந்த லட்சணத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் தங்கம், திருவட்டாறு. கோயிலில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பா எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. நானே போய் ஜீப்பில் கூட்டிவருவதாகச் சொன்னேன்.

"பஸ்ஸுல வரட்டும்டே," என்றாள் அம்மா. கேட்டால்தானே?

திருவட்டாற்றில் ஏற நின்றவர்கள் இரண்டு பேர். பெண்ணின் அப்பா ஒல்லி. சித்தப்பா செல்லப்பன், நாகர்கோவிலில் ஒரு பஸ் ஷெட்டில் ஃபோர்மேன். ஆளைப் பார்த்தால் இரண்டு நெல் மூட்டை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது; முன்னால் இருந்த நெல் மூட்டையைப் பின்னால் தள்ளினேன்.

"மாமா, நீங்க பின்னால இரியுங்கோ. சித்தப்பா முன்னால வரட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொண்ணுக்கு அப்பன் நானாக்கும்," என்றார் மாமா.

"முன்னால காத்து அடிக்கும் மாமா, ஒடம்புக்கு ஆகாது." (சித்திரை மாதம். ஒரு இலை அசையவில்லை.)

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். சித்தப்பா வழி முழுக்க என் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் எல்லையில், "நிறுத்தும் மாப்பிள்ளே. நான் பைய நடந்து வாறேன்," என்று இறங்கிக்கொண்டார். மாமா உடனே முன் இருக்கையைப் பிடித்துவிட்டார்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் இடப்பக்கம் எங்கள் வயல் வந்துவிட்டது. எனக்குள் வாட்டர் டாங்க் மாதிரி பெருமை நிரம்பி நின்றது.

"மாமா, அந்த வரப்புல இருந்து இந்தத் தென்னை வரைக்கும் நம்மளுதாக்கும்!"

அங்கிருந்து இங்கே என்று காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டது. தூக்கினேன். நான் காட்டிய வயலை மாமாவுக்கு இன்னும் கிட்டத்தில் காட்ட வண்டி தானாகவே இறங்கிப் போனது. சேறு மாமாவின் தலைவரைக்கும் அடித்தது.

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "ஏட்டி, வழி விடுங்கட்டீ, மாப்பிள்ளை வயல் பாக்க வந்திருக்காரு," என்றாள். எனக்கு அந்தச் சேற்றுக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. இனி தங்கம் கிடைக்க மாட்டாள்.

நடந்து வந்த சித்தப்பா வரப்பில் நின்று சொன்னார். "வண்டிய ஒசத்தினா மட்டும் போருமா? சக்கரத்துக்கு நேர் பிடிக்காண்டாமா?"

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றேன்.

"ஏறினப்பவே தெரியும். மாப்பிள்ளை வீட்டு நடை ஏறதுக்கு முன்ன பொண்ணு வீட்டுக்காரன் குத்தம் சொல்லப்பிடாதுல்லா. அதான் எறங்கிட்டேன்."

"என்னையும் எறக்கியிருக்கலாம்லா, பாவி!" என்று மாமா வயலுக்குள்ளிருந்து கத்தினார்.

மாடு கட்டி வண்டியை வீட்டு முற்றத்துக்கு இழுத்தோம். மாமா குளித்து என் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இலை போட்டாயிற்று, சித்தப்பா சாப்பிட வரவில்லை. அளக்கச் சரடும், கோடு போடச் சாக்குக்கட்டியும் கேட்டார். "எனக்கு இதொண்ணும் தெரியாது சித்தப்பா, சொல்லித் தாருங்கோ," என்றேன். அன்று நான் பேசிய முதல் உண்மை அதுதான். முன் டயர்களுக்கு நடுவில் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுத்தோம். மூன்று விரல் வித்தியாசம்! சக்கரம் இரண்டும் வாத்துக் கால் மாதிரி வெளியே பார்த்து நின்றன. வில்லில் இடவலம் ஒத்துப்போகாத பட்டைகளையும் மாற்றிப் போட்டோம். பட்டு வேட்டியோடு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அவர் சொன்னபடி கம்பியைத் திருகினேன். கொஞ்சம் திருக, அளக்க, மறுபடி திருக. பாயசம் ஆறிப்போனது.

சாப்பாடு முடிந்ததும் மாமா போய் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

"எடும். பஸ் நிக்கிற இடம் வரைக்கும் விடும்."

ஓட்டினேன். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. இறங்கும்போது அவர் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வாறோம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வந்து கூட்டிட்டு..."

"பஸ்ஸுல வாறோம்."

தங்கம் என் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் நான் நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது சுட்டிக் காட்டக் கையைத் தூக்கினால் போதும். பேரப்பிள்ளைகள் வரிசையாக ஓடிவந்து ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எல்லோருக்கும் முந்திக் கம்பியைப் பிடிப்பவள் தங்கம்தான்.