ஓய்வுபெறப்போகும் ஏட்டு மைத்துனரிடம் பெண் கேட்டு எழுதியது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். அதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கையை எனக்குக் கல்யாணம் செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. அதில் 'பெண்ணின் காப்பாளர்' என்று அச்சடித்திருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்த தபாலிலேயே அனுப்ப வேண்டும்.

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதீர்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது என்பதும், பெண்ணைப் பெற்று வளர்த்து அவளையும் கட்டிக்கொடுத்தாயிற்று என்பதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் தங்கை அங்கே வந்து இன்றோடு பதினோரு நாள். 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று சொல்லியிருப்பாள். அது உண்மையல்ல. அவள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோபத்துக்குக் காரணம் நானும், வெள்ளைக்காரத் துரைமார் ஆளும் இந்தக் காலனிப் போலீசின் லீவு மற்றும் பென்ஷன் விதிகளும். யார் பங்கு எவ்வளவு என்று படித்துவிட்டுத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டு, உன் கணக்கில் எடுக்காத லீவு ஏகப்பட்டது கிடக்குது, ஓய்வு பெறுவதற்கு முந்தி அதை நீ எடுத்தே ஆகணும், விதி" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். தொப்பி, பெல்ட், விசில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்டேஷனுக்குள் காரணமில்லாமல் வரக்கூடாது, ஊரை விட்டும் அனுமதியில்லாமல் போகக்கூடாது, வேலையும் செய்யக்கூடாது. இதற்குப் பெயர் லீவு. தண்டனைக்கு இதைவிடக் கடுமையாக என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து உடம்பு தானாக நிமிர்ந்து நிற்கிறது. எதிரே யாருமில்லை. தெருக்கோடி வரைக்கும் போகிறேன், திரும்புகிறேன், மறுபடி போகிறேன். "ஏட்டையா, கொஞ்சம் உக்காருங்களேன், உங்களைப் பாத்துப் பாத்து எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கெஞ்சினார். வீட்டுக்குள் இருந்தால் அதைவிட மோசம். ஒருநாள் கரண்டியைக் காணோம் என்று உங்கள் தங்கையை நிற்க வைத்து விசாரித்தேன். "கடைசியா அதைப் பாத்தது யாரு?" என்று கேட்டேன். "நான்தான். இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க இடது கையில இருக்கு" என்றாள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் பொறுமைசாலி என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வந்த வினை ஒரு நீள உறையில் வந்தது. பென்ஷன் விண்ணப்பத்தோடு சேர்க்க, என் சர்வீஸ் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அவள் சமையலறை வாசலில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது யாரோட புஸ்தகம்?" என்றாள்.

"என்னோடதுதான்."

"இல்லியே. இதுல 'மணமாகாதவர்'னு போட்டிருக்கே. வேற யாரோ பேச்சிலரோடது மாத்தி வந்திருக்கும், திருப்பி அனுப்பிடுங்க."

மச்சான், இருபத்தெட்டு வருஷமாக நான் உங்கள் எல்லோரிடமும் மறைத்து வைத்ததை இப்போது எழுதுகிறேன். போலீசில் சேருகிறவன் முதல் ஐந்து வருஷம் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது, ஸ்டேஷன் வளாகத்துக் கொட்டடியில்தான் தங்க வேண்டும், அதற்குப் பிறகும் மேலதிகாரி அனுமதி கொடுத்தால்தான் தாலி கட்டலாம் என்பது விதி. நான் வேலைக்கு மனுப் போட்டபோது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். வேலையை விட மனமில்லை, பெண்டாட்டியை விடவும் முடியாது, ஆகவே படிவத்தில் 'மணமாகாதவர்' என்று எழுதினேன். அந்த ஐந்து வருஷம் அவளை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு, 'வீடு கிடைக்கவில்லை, வீடு கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். வீடு எத்தனையோ கிடைத்தது. ஐந்து வருஷம் முடிந்ததும் திருத்திவிடலாம் என்று இருந்தேன். அப்போது பதவி உயர்வு வருகிற சமயம், இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு துரை போய் இன்னொரு துரை வந்தார், அவர் முன்கோபி என்றார்கள், அவர் போகட்டும் என்று இருந்தேன். அவர் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் முன்கோபி.

இதை அவளிடம் சொல்லி முடிப்பதற்குள், அவள் உட்கார்ந்து விரல் விட்டு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவளை விசாரணைப் பிரிவில் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"பொண்ணு பொறந்தப்ப கன்னம் வீங்கிப்போய் வந்தீங்களே, அது என்ன?"

பெண் பிறந்ததற்கு லீவு கேட்க முடியுமா, மணமாகாதவன்? பல்வலி என்று எழுதினேன். போலீஸ் டாக்டர் உட்கார வைத்து ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் சான்றிதழ் கொடுத்தார். தாங்கள்கூட அன்றைக்கு, 'மாப்பிள்ளை சந்தோஷத்தில் பூரித்துப்போயிருக்கிறார்' என்று கேலி செய்தீர்கள்.

"எனக்கு டைஃபாய்டு வந்தப்ப?"

எனக்கு வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்க மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் எனக்குப் பேதி மருந்து கொடுத்தார். அவள் படுக்கையில், நான் கொல்லைப்புறத்தில். யார் நோயாளி என்று பார்க்க வந்தவர்களுக்கே குழப்பம்.

"பொண்ணு கல்யாணத்துக்கு?"

'தூரத்து உறவுப் பெண் கல்யாணம்' என்று எழுதியிருந்தேன். "தூரத்து உறவுக்கு மூணு நாளா? ஒரு நாள் போதும்" என்று அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் இரண்டு நாளை அடித்துவிட்டார். பெண்ணை வண்டியேற்றும்போது நான் சந்தையில் டியூட்டியில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு, "துரை மூணு வருஷத்துக்கு ஒருதரம் கப்பல்ல ஊருக்குப் போறாரே, அவரு சம்சாரத்தோட நாய்க்குட்டி கப்பலேறினதுகூட ஆபீஸ் ஃபைல்ல இருக்குன்னு சிரிச்சுச் சிரிச்சு சொன்னீங்க. அந்த நாய்க்கு ஒரு காகிதம் இருக்கு. எனக்கு இல்ல" என்றாள். பெட்டியை எடுத்தாள். "என்னை யாருன்னு கவர்மெண்டு புஸ்தகத்துல எழுதிட்டு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் ஒரு பிரம்மச்சாரி வீட்ல நான் தங்கினா ஊரு என்ன சொல்லும்?" என்று போய்விட்டாள்.

இதுவரை எழுதிவிட்டு நாலு தடவை வாசலுக்குப் போய் வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். அடுப்பில் எதையோ வைத்திருந்தேன், அது இப்போது என்னவென்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது. போகட்டும்.

உடனே தலைமைக் குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் இந்தக் காலனியின் விதிப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை மனப்பாடமாகச் சொல்வார், தன் பிள்ளைகளின் வயது மட்டும் தெரியாது. அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உண்மையைச் சொன்னீங்கன்னா பொய்த் தகவல் கொடுத்துச் சேந்த அந்த அஞ்சு வருஷம் சர்வீஸ்ல சேராது. முழுப் பென்ஷனுக்கு இருபத்தஞ்சு வருஷம் வேணும். உங்களுக்கு இருபத்துமூணுதான் நிக்கும், பென்ஷன்ல பெரிய வெட்டு விழும். சொல்லலேன்னா முழுசா வரும். ஆனா நீங்க நாளைக்குக் கண்ணை மூடினா, விதவைப் பங்குன்னு ஒண்ணு இருக்கே, அது புஸ்தகத்துல பேர் இருக்கிற பெண்டாட்டிக்குத்தான். உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது."

நான் இருக்கிறவரை இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நான் போனதும் அவள் தெருவில் நிற்பதா? அல்லது இப்போதிலிருந்தே இரண்டு பேரும் அரை வயிறா? வேறு வழியே இல்லையா என்று அவர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாவது சுற்றில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"கல்யாணம் பண்ணிக்குங்க ஏட்டையா."

"யாரை?"

"உங்க சம்சாரத்தைத்தான். அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் போட்டவன் அனுமதி வாங்கிக் கல்யாணம் பண்ணலாம். நீங்க போட்டது இருபத்தெட்டு. பழசும் கிளறப்படாது, புதுசா பேரும் ஏறிடும். ஆனா லீவு முடியறதுக்குள்ள நடக்கணும். ஓய்வுக்கு அப்புறம் கட்டின பெண்டாட்டிக்குப் பங்கு இல்லேன்னு தனியா ஒரு விதி இருக்கு."

லீவு முடிய இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. உடனே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். மணமகன் வயது ஐம்பத்திரண்டு, மணமகள் வயது நாற்பத்தாறு. 'முன்பு மணமானவரா' என்று பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினால் முந்தைய கணவர் இறந்ததற்குச் சான்று வைக்க வேண்டுமாம். அந்த முந்தைய கணவர் படிவத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'இல்லை' என்று போட்டோம். பெண்ணின் நடத்தையை ஒரு கான்ஸ்டபிள் வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பாராம், அது சம்பிரதாயத்துக்குத்தான் என்று குமாஸ்தா சொன்னார். அதற்காகப் படிவத்தின் நகல் ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்தாயிற்று. பாக்கி இருப்பது காப்பாளர் கையெழுத்து ஒன்றுதான்.

ஆகவே மச்சான், முதல் தடவை என்னை நம்பிப் பெண் கொடுத்த மாதிரி இரண்டாவது தடவையும் கொடுங்கள். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கல்யாணம் என்றதும் கத்துவாள், கத்தி முடித்த பிறகு சொல்லுங்கள். பெயர் ஏறப்போகிறது என்று சொல்லுங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் டியூட்டி டியூட்டி என்று வெளியே கிடந்தபோது அவள் தினமும் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றே நான் யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது, காத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பதினோரு நாளுக்கு மேல் முடியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் ஆசிகள், நீண்ட நாள் நோயின்றி இருக்கட்டும், யாரும் போலீசில் சேர வேண்டாம். உங்கள் தங்கைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, தாங்களே பார்த்து ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
(ஆபீஸ் கணக்கில் இன்னும் யாருமில்லை)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், அடுப்பில் போடுங்கள். நேற்று எழுதியதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் நான் பழக்கிய ஆள். கேட்டது எதையும் விடாமல் எழுத வேண்டும் என்று நான்தான் அவனுக்குத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன். எழுதியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் என் முன்னாலேயே வாசித்தார்: 'மேற்படி பெண், விண்ணப்பதாரரின் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக மனைவியாக இருந்து வருபவர். நன்னடத்தை உள்ளவர். மேற்படியாரை இத்தனை காலம் சகித்துக்கொண்டதே அதற்குச் சான்று என்று தெருவார் ஒருமுகமாகச் சொல்கிறார்கள்.'

"இந்தப் பொம்பளை உனக்கு யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற தலைமைக் குமாஸ்தா எனக்கு வாயசைத்துக் காட்டினார். 'சமையல்காரி'. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். சமையல்காரியை எஜமான் கட்டிக்கொள்ளக்கூடாது என்று விதி எதுவும் இல்லையாம். நானும் வாயைத் திறந்தேன் மச்சான், பொய் சொல்ல எனக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். ஆனால் அந்தக் காகிதத்தில் அவள் பெயர் எழுதியிருந்தது. போலீஸ் காகிதத்தில் அவள் பெயரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். "என் பெண்டாட்டி ஐயா. வேலையில சேரும்போதே இருந்தா" என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷம் போயிற்று. சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன், கேட்டுக்கு வருவதற்குள் வருத்தமாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன். பென்ஷன் இளைத்துத்தான் வரும். ஆனால் எனக்குப் பிறகு அவளுக்கு உண்டு.

இனி ஒரே ஒரு சிக்கல். பெயரைப் பதிந்துவிட்டு, கல்யாணத் தேதி என்ன என்று குமாஸ்தா கேட்டார். வருஷம் சொன்னேன். மாதம், ஏதோ ஒன்று என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி இல்லாவிட்டால் பதிவு செல்லாதாம். மச்சான், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அவளிடம் தேதியைக் கேட்டு எழுதுங்கள். நான் கேட்டேன் என்று மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது.