வவ்வாலுக்கு மனுப் போட்டவர்

உலகத்திலேயே வவ்வாலுக்காக மனுப் போட்ட முதல் மனுஷி எங்கள் வவ்வாலம்மாதான். கடைசி மனுஷியும் அவராகத்தான் இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். அவர் எங்கிருந்தோ வந்து ராஜபாளையத்தில் அறை எடுத்துத் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கண்மாய்க் கரை மருத மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பழந்தின்னி வவ்வால்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி. வானத்தில் ஒரு மேகம் இருக்காது. இவர் தினமும் காலையில் குடை பிடித்து மரத்தடியில் நிற்பார். குடைமேல் விழுவதைச் சுரண்டி ஊறுகாய் பாட்டிலில் சேர்ப்பார்.

அந்தப் பாட்டிலோடு ஒருநாள் ரிப்போர்ட் அடிக்க வந்தார். எங்கள் முதலாளி ஆசையாக எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், லேகியமா?"

"வவ்வால் எச்சம் சார். திறந்து காட்டட்டுமா?"

அந்த வாரம் முழுக்க முதலாளி இன்ஸ்டிட்யூட் பக்கமே வரவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். மலையடிவாரத் தோப்புகளில் இலவம்பூ இருட்டிய பிறகே மலரும். தேன் குடிக்கப் போகும் வவ்வால்தான் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கும். அது போய்விட்டால் காய் குறையும், பஞ்சு குறையும். கூலி கேட்காத வேலைக்காரனை விரட்டிவிடாதீர்கள்.

வ. புதுப்பட்டித் தோப்புக்காரர் ஒருவரிடம் வவ்வாலம்மா இதைச் சொல்லி ஆதரவுக் கையெழுத்துக் கேட்டார். "எங்கப்பாரு வச்ச மரம் காய்க்கதுக்கு வவ்வா எதுக்கும்மா?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

அதற்குள் கரையில் ரோடு போட மரங்களை வெட்டப்போவதாகச் செய்தி வந்தது. வவ்வாலம்மா ரிப்போர்ட்டை இணைத்து மனுப் போட்டார். அதிகாரியைப் பார்க்க நானும் கூடப் போனேன். ஆச்சரியம், அவர் வரி விடாமல் படித்திருந்தார். சிவப்பு மையில் கோடுகூடப் போட்டிருந்தார்.

"வவ்வா தெனமும் மலையடிவாரத்துக்குப் போகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்கள்லா?"

"ஆமா சார்."

"அப்போ அங்கனயே இருந்துக்கிடட்டும். அம்புட்டு அலைச்சல் மிச்சம். பொறவு இங்க மரம் எதுக்கு?"

மரம் வெட்டும் உத்தரவில் அந்த வரியையே ஆதாரமாகவும் காட்டினார்கள்.

வெளியே வந்ததும் வவ்வாலம்மா கேட்டார். "தம்பி, நீங்க எதையாவது மாத்தி அடிச்சிட்டீங்களா?" ஆமாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை அந்த முகத்தில் தெரிந்தது.

"நீங்க எழுதுனபடிதான் மேடம் அடிச்சேன்."

மரங்கள் இரண்டே நாளில் விழுந்தன. பட்டப்பகலில் வவ்வால்கள் இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. சில கரண்டுக் கம்பியில் தொங்கப் போய்க் கருகி விழுந்தன. வவ்வாலம்மா ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டே நின்றார். ஒரு கட்டத்தில் நோட்டை மூடிவிட்டார்.

அடுத்த வருஷம் இலவங்காய் குறைந்ததா? தெரியாது. எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லையே!

ஊரைவிட்டுப் போகிற அன்று இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். நான் மெஷினில் பேப்பரை மாட்டி, "சொல்லுங்க மேடம், இன்னொரு மனு அடிப்போம்" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலம்வரை அந்த மெஷினில் வேறு யாருடைய பேப்பரையும் மாட்ட எனக்கு மனசு வரவில்லை.