ஒன்பதாவது மாடி லோரி

உலகத்திலேயே ஒரு சாலை விதியைக்கூட மீறாத லோரி டிரைவர் ஒருவர்தான். அவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறார். அவருடைய லோரியும் அங்கேதான் இருக்கிறது.

பெயர் பத்து டயர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. முப்பது வருடம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பத்து டயர் லோரி ஓட்டியவர், ஒரு நாள் பீடோர் அருகே சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு முறைப்படிதான் மயங்கினார். ஆனாலும் மருத்துவ அறிக்கை என்றால் அறிக்கைதான். அவருடைய லைசென்ஸ் விண்ணப்பப் பாரத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்திய அதிகாரி நான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலே பாரத்தைத் திருப்பி அனுப்புகிறவன் என்று எனக்குப் பெயர். அவருடைய பாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. திருப்பி அனுப்பித் தள்ளிப்போட வழியில்லை. அதுதான் தொல்லை.

ஓய்வு பெற்று ஏழாவது மாடிக்குக் குடிவந்த அன்றே லிஃப்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"வாங்க துவான்," என்றார். கவுண்டரில் அதிகாரியைக் கூப்பிடும் மலாய்ச் சொல். அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. "மேல வந்து நம்ம வண்டியப் பாருங்க."

போனேன். கல்யாணமாகிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போன மகள் விட்டுச்சென்ற கணினி. மேசையில் இறுக்கிய ஒரு ஸ்டீயரிங், கீழே மூன்று பெடல். வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையும் காலில் சப்பாத்துமாக உட்கார்ந்திருந்தார் பத்து டயர். திரையில் ஒரு லோரியின் முன்கண்ணாடி, அதற்கப்பால் ஜெர்மனியில் மழை.

"என்ன, சின்னப் பிள்ளைங்க விளையாட்டா?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "ஓடுற வண்டியில டிரைவர்கிட்ட பேசக்கூடாது. துவானுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த வாசகத்துக்கு எழுத்துப்பிழை பார்த்தவனே நான்தான்.

சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று நான் சொன்னது தவறு. ஞாயிறு காலையானால் ஒரு லோரிக் கூட்டமே வரிசையாகக் கிளம்பும். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் டாக்டர், டெங்கிலில் ஒரு தலைமை ஆசிரியை, ஸ்ரீ கெம்பாங்கானில் மெத்தை விற்கும் ஒரு தாத்தா. எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பத்து டயர் தலைமையில் போலந்துக்குத் தக்காளி ஏற்றிப் போவார்கள். பல் டாக்டர் முந்தப் பார்த்தால், "டாக்டர், அது டபுள் லைன். பல்லப் பிடுங்கற அவசரம் இங்க வேணாம் லா," என்று அதட்டல் கேட்கும்.

அவரை அதட்டக்கூடியவர் அவர் மனைவி கமலா அக்கா ஒருவர்தான். கணினியும் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடினால் வீட்டில் கரண்ட் போய்விடும்.

"என்னங்க, சோறு போடணும். லோரிய ஓரங்கட்டுங்க!"

"அடுத்த ஓய்விடம் வரட்டும், கமலா. நெடுஞ்சாலையில நிறுத்துனா சம்மன்!"

கணினியை அவர் லோரியாகவே வைத்தியம் பார்த்தார். படம் விட்டுவிட்டு ஓடினால் டீசலில் தண்ணீர் என்பார். சூடானால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, 'பானெட் திறந்தாச்சு' என்று அறிவிப்பார். உள்ளே படத்தைத் தயாரிக்கும் கிராபிக்ஸ் கார்டு கனம் தாங்காமல் தொங்கியது. அதற்கு ஒரு காலித் தைலப் புட்டியை முட்டுக் கொடுத்திருந்தார். மேட்டில் ஏறிக் கார்டு சூடாகும்போதெல்லாம் வீடு முழுக்கத் தைலம் மணக்கும்.

இப்படி ஐரோப்பா முழுவதும் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், பல் டாக்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். யாரோ ஓர் ஆர்வலர் நம்முடைய வடக்கு நெடுஞ்சாலையையே விளையாட்டில் சேர்த்திருக்கிறாராம். கிள்ளான் முதல் பட்டர்வொர்த் வரை, டோல் சாவடிகளோடு.

பத்து டயர் அன்று லோரியை எடுக்கவில்லை.

"பீடோர்ல மயங்கின அன்னைக்கு நான் சரக்கு இறக்கல துவான். வேற டிரைவர் வந்து எடுத்துட்டுப் போனான். முப்பது வருசத்துல நான் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரே லோடு."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

புதிய சாலையை ஏற்றியதும் கணினி கிள்ளானைத் தாண்டவே மறுத்தது. இருவரும் கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளே எட்டிப்பார்த்துத் தைலப் புட்டிக்குச் சற்று மௌனம் காத்தார்.

"அங்கிள், புது கார்டு போடணும். அதுக்கு இந்த பவர் சப்ளை பத்தாது. அத மாத்துனா, ரெண்டுமே இந்தப் பெட்டிக்குள்ள போகாது."

"லைட்டு எரியலன்னு வந்தா லோரியையே மாத்தச் சொல்றீங்களே பாஸ்!"

நான் ரசித்தேன். ஓர் ஒப்புதலுக்கு இன்னோர் ஒப்புதல், அதற்கு மேலே ஒன்று. என் இலாகாவையே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் ரசனை நின்றது.

"இல்லன்னா மரம், நிழல், மழை எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க அங்கிள். ஃபேன் வச்சு ஓட்டிப் பாருங்க."

அதற்கு ஒப்புக்கொண்டவர், வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சிக்கலைக் கிளப்பினார். "லைசென்ஸ் இல்லாம எப்படி ஓட்டறது?"

"இத்தனை நாள் ஓட்டினீங்களே?"

"அது வெளிநாடு. இது நம்ம ரோடு துவான்."

வாதத்தில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. லைசென்ஸ் பாரம் ஒன்றை நானே தட்டச்சு செய்தேன். சோதனையும் வைத்தேன். கிளம்புமுன் வண்டியைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மனிதர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து நாலு காலையும் தட்டிப் பார்த்தார். இருந்தும் முதல் முறை தோற்கடித்தேன். சர்க்கரை அளவு பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"துவான் இன்னும் மாறல," என்று விரலைக் குத்திக்கொண்டார். இரண்டாம் முறை தேறினார்; தற்காலிக அனுமதி கொடுத்தேன், முழு லைசென்ஸ் பட்டர்வொர்த் சேர்ந்த பிறகு என்று.

ஞாயிறு காலை. கமலா அக்கா ரைஸ் குக்கரைத் தொடாமல் சாப்பாட்டைக் கடையில் வாங்கி வைத்துவிட்டார். லோரி உதவியாளுக்கு இங்கே கெலிண்டான் என்று பெயர். அந்தப் பதவியில் நான். முதல் வகுப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றவன், மேசை விசிறியை மடியில் வைத்துக் கணினிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மரமில்லாத சாலை. மலைகள் வெட்டி ஒட்டிய அட்டை மாதிரி இருந்தன. "இங்க ஒரு துரியான் கடை," என்றார் பத்து டயர், வெறும் பச்சையைக் காட்டி. "இந்த வளைவுல எப்பவும் மழை பெய்யும்." அவர் சொல்லச் சொல்லக் கடையும் மழையும் எனக்குத் தெரிந்தன. காட்டியது கார்டு இல்லை.

பீடோரை நெருங்கும்போது படம் திக்கியது. தைல வாடை எழுந்தது. அவர் சிக்னல் போட்டார், ஓரங்கட்டினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. பின்னால் வந்த பல் டாக்டரும் தலைமை ஆசிரியையும் மெத்தைத் தாத்தாவும் ஒவ்வொருவராக ஓரங்கட்டினார்கள். கமலா அக்கா ஒரு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டார். நான் விசிறியை இன்னும் கிட்டே நகர்த்தினேன்.

கொஞ்ச நேரத்தில் வாடை அடங்கியது.

"போலாமா துவான்?"

"போங்க."

பட்டர்வொர்த் சேர்ந்ததும், சரக்கு தாமதம் என்று திரை குறை சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லேட்டுதான். சேர்ந்துருச்சு லா."

அன்றே லைசென்ஸ் பாரத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தவர், 'காலாவதித் தேதி' என்ற இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"அண்ணே, ஒரு கட்டம் காலியா இருக்கே."

"தெரியும்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."